சரளைப் பாதையும் குதிரை வால் ரசீதும்

ரெண்டு வாரமாக ஆணி அதிகம். ஒரு அசைன்மென்ட், ஒரு க்ரூப் ப்ரசன்டேஷன், நடுவில் பகுதி நேர வேலை. அதனால்தான் இந்தப் பக்கம் தலை காட்டவில்லை. போன பதிவில் தேய்மானக் கணக்கு பற்றி எழுதி எல்லாரையும் தூங்க வைத்துவிட்டேன் என்று புகார் வந்திருக்கிறது. ஆகவே இந்த முறை கணக்கு கிடையாது, சைக்கிள்தான். (கடைசியில் கொஞ்சம் கணக்கு எட்டிப் பார்க்கும். பழக்க தோஷம், பொறுத்தருள்க.)

ப்ளஸ் டூவில் என்னோடு காமர்ஸ் க்ரூப் படித்த பசங்க போன் பண்ணினால் கேட்பது ஒரே கேள்வி. "ஏன்டா, சவுத்தாம்ப்டன் வரைக்கும் ப்ளேன் ஏறிப் போயி சைக்கிளா மிதிக்கிற?" ஆமாம் மச்சான், மிதிக்கிறேன். இங்கே நான் படிப்பது கணக்கியலும் நிதியும், ஊர் பாஷையில் பி.காம். வாரம் பூரா எக்செல் கட்டங்களைப் பார்த்த கண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை கட்டமே இல்லாத இடம் ஒன்று வேண்டியிருக்கிறது. அது ரயிலில் இருபது நிமிட தூரத்தில் கிடைக்கிறது என்றால் விடுவேனா?

முதலில் சைக்கிள் பற்றி. கிராவல் பைக் என்று ஒரு சாதி இருக்கிறது. கிராவல் என்றால் சரளைக்கல். தூரத்தில் பார்த்தால் ரேஸ் சைக்கிள் மாதிரி இருக்கும். ஹேண்டில்பார் கிடா கொம்பு போல வளைந்திருக்கும். கிட்டே போனால் டயர் குண்டு. ரேஸ் சைக்கிளில் 25, 28 மி.மீ. டயர் என்றால் இதில் 40 மி.மீ., அதற்கு மேலும். காற்றையும் குறைவாகத்தான் அடிப்பார்கள். கல்லில் ஏறும்போது டயர் லேசாக அமுங்கிக் கொடுத்தால்தான் பிடிப்பு கிடைக்கும், முதுகும் பிழைக்கும். அமெரிக்காவில் கான்சஸ் மாகாணத்துச் சரளை ரோடுகளில் 2006-ல் ஒரு நீண்ட தூரப் பந்தயம் ஆரம்பித்தார்கள். இன்றைக்கு அதன் பெயர் அன்பவுண்ட் கிராவல். அங்கே இருந்துதான் இந்த மோகம் பெரிதாகப் பரவியது. 2022-ல் இத்தாலியில் இதற்கு உலக சாம்பியன்ஷிப்பே நடத்திவிட்டார்கள்.

என்னிடம் இருப்பது அசல் கிராவல் பைக் இல்லை. புதுசு ஒன்று வாங்குகிற காசில் என் ரூம் வாடகையை மூணு மாதம் கட்டலாம். நான் 180 பவுண்டுக்கு ஒரு பழைய ஸ்டீல் டூரிங் சைக்கிளை செகண்ட் ஹேண்டில் வாங்கி, அதில் நுழைகிற அளவுக்குக் குண்டாக 38 மி.மீ. டயர் போட்டிருக்கிறேன். ஓடுகிறது. கொஞ்சம் சத்தம் போடும், அம்புட்டுதான்.

சரி, இடத்துக்கு வருவோம். பெயர் நியூ ஃபாரஸ்ட். புதுசும் இல்லை, முழுக்கக் காடும் இல்லை. இங்கிலாந்தைப் பிடித்த வில்லியம் ராஜா 1079 வாக்கில் தன் வேட்டைக்கென்று ஒதுக்கிய நிலம் இது. ஃபாரஸ்ட் என்ற சொல்லுக்கு அந்தக் காலத்தில் மரம் அடர்ந்த காடு என்று பொருள் இல்லை. ராஜாவின் மானைக் காப்பாற்றத் தனிச் சட்டம் போட்ட நிலம் என்றுதான் பொருள். அதனால் உள்ளே எல்லாமே உண்டு. பழைய ஓக் மரக் காடு, ஊசியிலை மரத் தோப்பு, சதுப்பு, புல்வெளி, நடுநடுவே கிராமம். இது எல்லாவற்றையும் விட, கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும் முழங்கால் உயரப் புதர் மட்டுமே இருக்கிற வெளி. அதைத்தான் ஹீத் என்கிறார்கள். நான் புதர்வெளி என்று சொல்லிக்கொள்கிறேன். 2005-ல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். பரப்பு சுமார் 570 சதுர கி.மீ.

இதற்குள் சைக்கிள் போகலாம் என்று குறித்து வைத்த பாதைகள் மட்டும் 160 கி.மீ.க்கு மேல் இருக்கின்றன. பெரும்பாலும் சரளை. சந்திப்புகளில் நம்பர் போட்ட மரக்கட்டை நட்டிருக்கும். வரைபடத்தில் அந்த நம்பரைப் பார்த்தால் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துவிடும். போன் சிக்னல் போனாலும் பயமில்லை.

எனக்குப் பிடித்த சுற்று ப்ராக்கன்ஹர்ஸ்ட் ஸ்டேஷனில் ஆரம்பித்து அங்கேயே முடிவது. முப்பத்தைந்து கி.மீ. போல வரும். ரயிலில் சைக்கிளுக்குத் தனிக் காசு கிடையாது. ஊரை விட்டு மேற்கே போனால் ஒரு பழைய ரயில் பாதை வருகிறது. தண்டவாளம் இல்லை, மேடு மட்டும் இருக்கிறது. 1847-ல் திறந்த சவுத்தாம்ப்டன் - டார்செஸ்டர் லைன் அது. சார்லஸ் காஸில்மன் என்ற வக்கீல் முன்னின்று கொண்டு வந்தார். பாதை அங்கே இங்கே வளைந்து வளைந்து போனதால் ஜனங்கள் அதற்கு 'காஸில்மனின் கார்க்ஸ்க்ரூ' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். பாட்டில் மூடியைத் திருகி எடுக்கிற கம்பி இருக்கிறதே, அது. 1964-ல் இந்தப் பகுதியை மூடிவிட்டார்கள். ஹோம்ஸ்லி என்ற இடத்தில் இருந்த ஸ்டேஷன் கட்டிடம் பிற்பாடு டீக்கடையாக மாறியது.

ரயில் செங்குத்தாக ஏறாது என்பதால் பாதையும் சமதளம். இரண்டு பக்கமும் புதர்வெளி. ஆகஸ்டில் போனால் வெளி முழுக்க ஊதா நிறம். ஹெதர் என்ற குட்டைச் செடி பூத்திருக்கும். அதிலேயே மூணு வகை. ஈரமான இடத்தில் ஒன்று, காய்ந்த மேட்டில் ஒன்று, எல்லா இடத்திலும் பரவி நிற்பது ஒன்று. கூடவே கோர்ஸ் என்று ஒரு முள்புதர். கிட்டத்தட்ட வருஷம் பூராவும் எங்கேயாவது ஒரு கிளையில் மஞ்சள் பூ இருக்கும். வசந்த காலத்தில் அதன் பக்கத்தில் சைக்கிளை நிறுத்தி மூக்கைக் கொண்டு போய்ப் பாருங்கள். தேங்காய் வாசனை. சத்தியமாக. துருவிக்கொண்டிருக்கிற அடுக்களைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். வீட்டை விட்டு வந்து ஆறு மாதம் ஆன ஒருத்தனுக்கு நட்ட நடு இங்கிலாந்துக் குளிரில் இந்த வாசனை என்ன செய்யும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அந்த முள்ளை இங்கத்துக் குதிரைகள் குளிர் காலத்தில் சாவகாசமாக மென்று தின்கின்றன. உதடு என்ன ரப்பரா என்று தெரியவில்லை.

பர்லி என்ற கிராமத்தைத் தாண்டியதும் நிலம் மாறுகிறது. ஒரு கேட்டைத் திறந்து மூடினால் (மூட வேண்டும் சாமிகளா, அது ரொம்ப முக்கியம்) மரங்களுக்குள் போய்விடுகிறோம். இந்த வேலி போட்ட தோப்புகளுக்கு இன்க்ளோஷர் என்று பெயர். கதை கப்பல் படையில் ஆரம்பிக்கிறது. போர்க்கப்பல் கட்ட ஓக் மரம் வேண்டும், குதிரையும் மாடும் மானும் கன்றை மேய்ந்துவிடக் கூடாது என்று 1698-ல் சட்டம் போட்டு வேலி அடைத்தார்கள். நெல்சனின் கப்பல்களில் ஒன்றான அகமெம்னான் இந்தக் காட்டின் ஓரத்தில் பக்லர்ஸ் ஹார்ட் என்ற ஆற்றங்கரைக் கிராமத்தில் கட்டப்பட்டு 1781-ல் தண்ணீரில் இறங்கியது. பிறகு கப்பல் இரும்பாகிவிட்டது. முதல் உலகப் போரில் மரத்துக்குப் பஞ்சம் வந்ததும் 1919-ல் வன ஆணையம் என்று ஒன்று உண்டாக்கினார்கள். 1924-ல் இந்தக் காடும் அவர்கள் கைக்கு வந்தது. ஓக் இருந்த இடங்களில் சீக்கிரம் வளர்கிற ஊசியிலை மரங்கள் நிறைய ஏறின.

வெட்டின மரத்தை வெளியே கொண்டு வர லாரி போக வேண்டும். லாரி போகச் சரளை ரோடு வேண்டும். இந்தக் காட்டின் அடியிலேயே சரளை இருக்கிறது, சிக்கிமுக்கிக் கல். ஆக, ஞாயிற்றுக்கிழமை நாம் ஆனந்தமாக மிதிக்கிற பாதைகளில் பாதிக்கு மேல் மர லாரிக்காகப் போட்டது, மிச்சம் ரயிலுக்காகப் போட்டது. சைக்கிளுக்கென்று யாரும் பார்த்துப் பார்த்துப் போட்டதில்லை. சிக்கிமுக்கிக் கல் உடைந்தால் கத்தி மாதிரி இருக்கும் என்பதை என் பின் டயர் மூன்று முறை நிரூபித்திருக்கிறது. மழை நாளில் பஞ்சர் நிச்சயம் என்று வைத்துக்கொண்டு ரெண்டு டியூப் எடுத்துப் போங்கள்.

தோப்புகள் வழியே வடக்கே ஏறினால் போல்டர்வுட். மான் பார்க்க ஒரு மேடை கட்டியிருக்கிறார்கள். அங்கே இருந்து தெற்கே திரும்பினால் நைட்வுட் ஓக் என்ற கிழட்டு மரம். அடிமரத்தின் சுற்றளவு ஏழு மீட்டருக்கு மேல். ஏ35 நெடுஞ்சாலையைக் கடந்தால் ரைன்ஃபீல்ட். 1850-களில் அமெரிக்காவிலிருந்து கொண்டு வந்து நட்ட ரெட்வுட், டக்ளஸ் ஃபிர் மரங்கள் ஐம்பது மீட்டர் உயரத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. அண்ணாந்து பார்த்தபடி சைக்கிள் ஓட்ட வேண்டாம். அப்புறம் ஓபர் வாட்டர் ஓடையை ஒட்டியே வந்தால் மறுபடி ப்ராக்கன்ஹர்ஸ்ட், ரயில், ரூம், ரசம் சாதம்.

ரூட் சொல்லி முடித்தாகிவிட்டது. இதோடு நிறுத்தியிருந்தால் இது ஒரு நல்ல பிள்ளைப் பதிவு. ஆனால் இனிமேல்தான் விஷயமே.

அந்தப் புதர்வெளியைப் பார்த்தால் மனுஷன் கை படாத நிலம் போல இருக்கும். உண்மை நேர் எதிர். ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் மனுஷன் மரத்தை வெட்டியதால் உண்டான நிலம் அது. மண் புளித்துச் சத்தெல்லாம் மழையோடு போய்விட்டது, ஹெதரும் கோர்ஸும் மட்டும் தாக்குப்பிடிக்கின்றன. மேய்ச்சலை நிறுத்திவிட்டுச் சும்மா விட்டால் சில பத்து வருஷத்தில் பிர்ச்சும் பைனும் முளைத்துக் காடாகிவிடும். பிரிட்டனில் இருந்த இப்படிப்பட்ட தாழ்நிலப் புதர்வெளியில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் 1800-க்குப் பிறகு அழிந்துவிட்டது. உழுதார்கள், வீடு கட்டினார்கள், மரம் நட்டார்கள். நியூ ஃபாரஸ்ட்டில் மிஞ்சியது ஏன்? குதிரையும் மாடும் இன்னும் மேய்வதால்.

அந்தக் குதிரைகள் காட்டுக் குதிரைகள் இல்லை. ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர் உண்டு. அவர்களுக்குக் காமனர் என்று பெயர். இந்தச் சுற்று வட்டாரத்தில் குறிப்பிட்ட சில நிலங்களையோ வீடுகளையோ வைத்திருப்பவருக்குத் தன் கால்நடையைப் பொதுவில் மேயவிடும் உரிமை உண்டு. உரிமை ஆளுக்கு இல்லை, அந்த நிலத்துக்கு. நிலத்தை விற்றால் உரிமையும் கூடவே போய்விடும். இலையுதிர் காலத்தில் பன்றி விடுகிற உரிமையும் உண்டு. பச்சை ஓக் கொட்டை குதிரைக்கும் மாட்டுக்கும் விஷம், பன்றிக்கு விருந்து. பன்றி முதலில் தின்று முடித்துவிட்டால் மற்றவை பிழைக்கும்.

இப்போது கணக்குக்காரனுக்குப் பிடித்த இடம். மேயவிடுகிற ஒவ்வொரு குதிரைக்கும் வருஷா வருஷம் கட்டணம் உண்டு. கட்டியதற்கு ரசீது எங்கே? குதிரையின் வாலில்! அஜிஸ்டர் என்று ஐந்து பேர் இருக்கிறார்கள். குதிரையிலும் ஜீப்பிலும் சுற்றிக் கால்நடைகளைக் கவனிப்பது அவர்கள் வேலை. கட்டணம் வந்ததும் வால் மயிரைப் படி படியாக வெட்டிவிடுவார்கள். ஒவ்வொரு அஜிஸ்டருக்கும் ஒரு தனி வெட்டு. தூரத்தில் இருந்து வாலைப் பார்த்தாலே பணம் கட்டியாச்சா, எந்தப் பகுதிக் குதிரை என்று தெரிந்துவிடும். தொலைக்க முடியாத, கள்ளக் கையெழுத்துப் போட முடியாத வவுச்சர். எங்கள் ஆடிட்டிங் பேராசிரியர் பார்த்தால் கண்ணீர் விடுவார்.

பொருளாதார வகுப்பில் காரெட் ஹார்டின் 1968-ல் எழுதிய கட்டுரை ஒன்றை நடத்தினார்கள். எல்லாருக்கும் பொதுவான மேய்ச்சல் நிலம் என்றால் ஆளாளுக்கு ஒரு மாடு கூட விடுவான், கடைசியில் நிலம் மொட்டையாகிவிடும், பொதுச் சொத்தின் சோகம் இது என்பது அவர் வாதம். இதற்குப் பதில் போலத்தான் எலினார் ஆஸ்ட்ரம் என்ற அம்மையார் உலகம் பூராவும் உள்ள பொது நிலங்களையும் பாசனங்களையும் மீன்பிடித் துறைகளையும் பார்த்து 1990-ல் புத்தகம் எழுதினார். யார் உள்ளே, யார் வெளியே என்று தெளிவான எல்லை, உள்ளூர்க்காரர்களே போட்ட விதி, கண்காணிக்க ஆள், சண்டை வந்தால் தீர்க்க ஒரு மன்றம். இதெல்லாம் இருந்தால் பொதுச் சொத்து நூற்றாண்டுக் கணக்கில் பிழைக்கும் என்றார். 2009-ல் பொருளாதார நோபல், அதை வாங்கிய முதல் பெண். பரீட்சைக்கு இதை மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்த அதே வாரம், வால் வெட்டிய குதிரை ஒன்று என் சைக்கிளை மறித்துக்கொண்டு நின்றது.

இனி வம்பு. நடப்பவரும் குதிரை ஓட்டுபவரும் திறந்தவெளியில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். சைக்கிள் அப்படிப் போகக் கூடாது. பொது ரோடு, சட்டப்படி அனுமதித்த பொதுப் பாதைகள், நம்பர் போட்ட சரளைப் பாதைகள், இவ்வளவுதான். ஆனால் சைக்கிள்காரர்கள் பயன்படுத்துகிற செயலிகளில் யார் யார் எங்கே ஓட்டினார்கள் என்பது கோடுகளாகத் தெரியும். நிறையப் பேர் போனால் கோடு தடிக்கும். ஒரு புதர்வெளியின் குறுக்கே மெலிசாக அப்படி ஒரு கோடு இருக்கிறது. அனுமதி இல்லாத ஒற்றையடிப் பாதை. அதில் போனால் ஏ35 நெடுஞ்சாலையில் சைக்கிள் ஓட்டுகிற ஒரு துண்டு மிச்சமாகும்.

போன ஏப்ரலில் எங்கள் கோஷ்டி ஆறு பேரும் அந்த இடத்தில் நின்றோம். கோஷ்டியில் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் இருக்கிறார். இங்கே வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. "இதுக்குள்ளால போகேலாது தம்பி, குருவி முட்டையிடுற காலம்" என்றார். அவர் சொன்னது உண்மை. மார்ச்சிலிருந்து ஜூலை வரைக்கும் தரையில் கூடு கட்டுகிற பறவைகள் இந்தப் புதரில்தான் இருக்கும். கர்லூ, லாப்விங், உட்லார்க், இரவில் மட்டும் வெளியே வருகிற நைட்ஜார். தரையில் இல்லாவிட்டாலும் தரைக்குச் சற்று மேலே கோர்ஸ் புதருக்குள் கூடு கட்டுகிற டார்ட்ஃபோர்ட் வார்ப்ளர் என்ற குட்டிக் குருவியும் உண்டு. 1962-63 குளிர் காலத்தில் நாடு முழுக்கச் சேர்த்து அதில் பத்துப் பதினொரு ஜோடிதான் மிஞ்சியதாம். ஆள் கிட்டே வந்தால் தாய்ப் பறவை கூட்டை விட்டுப் பறந்துவிடும். அந்த நேரம் பார்த்துக் காக்கையோ நரியோ வந்தால் முட்டை காலி.

எங்களோடு வருகிற இந்த ஊர்ப் பையன் ஒருவன் ஒத்துக்கொள்ளவில்லை. அவன் கேட்டதையும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். "நாயை அவிழ்த்துவிட்டு நடக்கிறவன் இதில் போகலாம். அரை டன் குதிரை இதில் போகலாம். நான் மட்டும் போகக் கூடாதா? ரோட்டில் போய்ச் சாகச் சொல்கிறீர்களா?" இது கிறுக்குத்தனமான கேள்வி இல்லை. அனுமதித்த பாதைகள் துண்டு துண்டாக இருக்கின்றன. ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகச் சில இடங்களில் கார் பறக்கிற ரோடுதான் வழி. குழந்தையோடு வருகிறவர்கள் அதில் போக மாட்டார்கள், சைக்கிளைக் கார் மேல் கட்டிக்கொண்டு வருவார்கள். அந்தக் கார்கள்தான் இந்தக் காட்டின் பெரிய தலைவலியே. வேலி இல்லாத ரோடுகளில் வருஷா வருஷம் வாகனம் மோதிக் குதிரையும் மாடும் கழுதையும் செத்துப் போகின்றன. இதுவரைக்கும் எந்தக் குதிரையும் என் 38 மி.மீ. டயரில் அடிபட்டுச் சாகவில்லை.

ரெண்டு பேர் புதருக்குள் போனார்கள். அண்ணனும் நானும் இன்னும் ரெண்டு பேரும் ரோட்டில் போனோம். ஒரு லாரி என் முழங்கையிலிருந்து ஒரு முழம்கூட இடைவெளி இல்லாமல் கடந்து போனது. காற்று இழுத்த இழுப்பில் ஹேண்டில்பார் ஆடியது. அடுத்த கேட்டில் இறங்கி நின்றபோது கால் நடுங்கிக்கொண்டிருந்தது. புதருக்குள் போனவர்கள் ஐந்து நிமிஷம் முன்னாலேயே வந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார்கள். யாரும் எதுவும் பேசவில்லை.

அன்று ராத்திரி மனசுக்குள் ஒரு பேரேடு போட்டுப் பார்த்தேன். நான் ஒருத்தன் அந்த ஒற்றையடிப் பாதையில் ஒரு தடவை போனால் செலவு கிட்டத்தட்டப் பூஜ்யம். ஆனால் என் கோடு செயலியில் ஏறும், இன்னும் கொஞ்சம் தடிக்கும், அதைப் பார்த்து அடுத்த வாரம் பத்துப் பேர் வருவார்கள். அந்தப் பத்துக்கு எந்தக் கணக்கிலும் பற்று வைப்பதில்லை. கர்லூவிடம் பேரேடு கிடையாது. ஹார்டினின் மாடு மாதிரிதான் இந்தக் கோடும். இன்னொரு பக்கம், விதியை மதித்த செலவை முழுக்க என் முழங்கை ஏற்றுக்கொண்டது. அதுவும் நியாயம் இல்லை.

ஆஸ்ட்ரம் சொன்ன அந்த மன்றம் இங்கே நிஜமாகவே இருக்கிறது. வெர்டரர்ஸ் கோர்ட் என்று பெயர். வேர் இடைக்காலத்தில் இருந்தாலும் இன்றைய உருவம் 1877-ல் வந்த சட்டத்தால் வந்தது. பத்து வெர்டரர்கள். அதில் ஐந்து பேரைத் தேர்தலில் தேர்ந்தெடுக்கிறார்கள். திறந்தவெளியில் புதிதாக ஒரு சைக்கிள் பாதையைத் திறக்க வேண்டுமானாலும் இவர்கள் சம்மதம் வேண்டும். அநேக மாதங்களில் ஒரு புதன்கிழமை காலை லிண்ட்ஹர்ஸ்ட்டில் கூடுகிறது. யார் வேண்டுமானாலும் போகலாம், யார் வேண்டுமானாலும் எழுந்து முறையிடலாம். நிலம் இருக்க வேண்டியதில்லை, இந்த நாட்டுப் பிரஜையாக இருக்க வேண்டியதில்லை.

வகுப்பு இல்லாத ஒரு புதன்கிழமை பஸ் ஏறிப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். பச்சைக் கோட்டு போட்ட அஜிஸ்டர் எழுந்து பழைய பிரெஞ்சுச் சொல்லால் கூவி மன்றத்தைத் தொடங்கினார். சுவரில் ஒரு பெரிய இரும்பு அங்கவடி தொங்குகிறது. அந்தக் காலத்தில் இதற்குள் நுழைகிற அளவு சின்ன நாயை மட்டும் விட்டுவிடுவார்களாம். நுழையாத பெரிய நாய் ராஜாவின் மானைத் துரத்தக் கூடாதென்று அதன் கால் நகங்களை வெட்டுவார்களாம். அளவு பார்த்து விடுவதும் விடாததும் இந்தக் காட்டுக்குப் புதுசு இல்லை. வாகனம் மோதிச் செத்த கால்நடைகளின் எண்ணிக்கையை வாசித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஒரு பாட்டி நாய்கள் பற்றிப் பேசினார். ஒரு காமனர் சைக்கிள்காரர்கள் கேட்டைத் திறந்தபடி விட்டுப் போவதைப் பற்றிப் பேசினார். கோபமாக இல்லை, களைத்துப் போன குரலில். அவருடைய மாடு ரோட்டுக்கு வந்துவிட்டதாம். என்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இருந்தாலும் ஹெல்மெட்டைப் பைக்குள் தள்ளினேன்.

அந்தக் கிழவரின் குரலைக் கேட்ட பிறகு எனக்கு ஒன்று விளங்கியது. அனுமதித்த பாதை என்பது யாரோ ஆபீசர் போட்ட தடை இல்லை. அந்த ஆளுக்கும் நமக்கும் நடுவில் இருக்கிற ஒப்பந்தம். அவருடைய குதிரை மேய்வதால் புதர்வெளி இருக்கிறது, புதர்வெளி இருப்பதால் நாம் ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறுகிறோம். ஒப்பந்தத்தில் எனக்குச் சேர வேண்டியது சரியாக வரவில்லை என்றால் கேட்க வேண்டிய இடம் அந்த அறை. புதரின் குறுக்கே சக்கரத்தால் கையெழுத்துப் போட்டுக் கேட்க முடியாது. அப்படிக் கேட்டால் அடுத்த முறை நமக்காக எழுந்து பேசுகிறவன் வாயையும் சேர்த்து அடைக்கிறோம்.

ஆகவே, ரூட் ஃபைல் கேட்ட நண்பர்களுக்கு: மேலே சொன்ன சுற்றை முழுக்கத் தருகிறேன். அந்த மெலிசான கோட்டைத் தர மாட்டேன். எங்கே இருக்கிறது என்றும் சொல்ல மாட்டேன். இதற்காக ஏற்கெனவே என்னை 'அஜிஸ்டர்' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். பரவாயில்லை, என் வாலை வெட்டாமல் இருந்தால் சரி.

இதற்குப் பதிலாக ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். அந்த ரோட்டுத் துண்டின் நீளம், இரண்டு பக்கமும் எந்த நம்பர் கட்டையில் பாதை அறுந்து போகிறது, ரோட்டோரம் வேலிக்கு உட்புறமாகப் புதரைத் தொடாமல் ஒரு சரளைத் துண்டு போட இடம் இருக்கிறது என்பது, கேட் தானாக மூடிக்கொள்ள ஸ்ப்ரிங் வைக்கலாம் என்பது. அடுத்த அமர்வில் எழுந்து வாசிக்கப் போகிறேன். இங்கிலீஷைச் சரி பார்க்க அந்த ஊர்ப் பையனிடமே கொடுத்திருக்கிறேன். மூணு இடத்தில் திருத்திவிட்டு, நானும் கூட வருகிறேன் என்றான்.

பி.கு.: போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். குதிரைக்குத் தீனி கொடுக்காதீர்கள், ரோட்டோரம் நின்று பழகிவிடும். குதிரை மீது வருகிறவரைப் பின்னாலிருந்து கடக்கும்போது தூரத்திலேயே குரல் கொடுங்கள், பெல் அடித்தால் சில குதிரைகள் மிரளும். வெயில் காலத்தில் முழங்கால் வரை மறைக்கிற சாக்ஸ் போடுங்கள், உண்ணி கடிக்கும். கேட்டை மூடுங்கள். முடியவில்லையா? சரி, கேட்டை மட்டுமாவது மூடுங்கள் :-)